செம்மண், மணல், களி: மூன்றுக்கும் ஒரே வண்டி

சம்பாவுக்கு மேலுரம் போடும் கார்த்திகை மாதத்தில் எங்கள் கழனிக்கு டிராக்டர் டிரெய்லர் வராது. கூப்பிட்டால், "வாய்க்கா கரை இறங்கிடும்ணே, தை பொறக்கட்டும்" என்பார்கள். பயிர் தை வரைக்கும் காத்திருக்காது என்பதால் மூட்டையைத் தலையில் சுமந்துதான் கொண்டு போவோம். 2025 மழைக்காலத்தில் அந்தக் கரைமேல் ஐந்து மூட்டை யூரியாவை ஒரே நடையில் யூடிவி என்கிற சின்ன நாலு சக்கர வண்டியிலேயே கொண்டு போய் இறக்கியாயிற்று. மூட்டை 45 கிலோ, ஆக 225 கிலோ. இறங்கித் தள்ளவும் இல்லை, வண்டி புதைந்தால் மோட்டாரில் கயிறு சுற்றி இழுக்கும் வின்ச்சின் கயிற்றை அவிழ்க்கவும் இல்லை. இந்த நிலைக்கு வருவதற்குள் டயர் செட்டு முழுக்க மாறியது, பெல்ட் ஒன்று போனது, இரண்டு கியர் பெட்டிகளைக் கழுவி எண்ணெய் மாற்ற வேண்டியிருந்தது. எதை வாங்கினேன், எதைப் பூட்டினேன், எதைக் கழற்றி ஓரம் போட்டேன் என்று வரிசையாக எழுதுகிறேன். இதே யோசனையில் இருக்கிறவர்களுக்குச் செலவு கொஞ்சம் குறையலாம்.

முதலில் நிலம். காடாம்புலியூர் பக்கம் முந்திரிக் கொல்லை. செம்மண்ணும் சரளையும், நடுநடுவே மழை அறுத்துவிட்ட ஓடைகள். குறிஞ்சிப்பாடிக்குக் கிழக்கே பெருமாள் ஏரிப் பாய்ச்சலில் நஞ்சை, சுத்தமான களி. தியாகவல்லிப் பக்கம் மனைவி வழியில் வந்த சவுக்குத் தோப்பு, அங்கே கால் புதையும் மணல். மூன்றும் ஒரே மாவட்டம்தான், ஆனால் ஒன்றில் ஓடுகிற வண்டி இன்னொன்றில் நிற்கும். என் பழைய பைக்கை மூன்று இடத்திலும் தள்ளியிருக்கிறேன், ஒவ்வோர் இடத்திலும் வேறு வேறு காரணத்துக்கு.

எந்த வண்டி என்று முடிவு செய்யவே பல மாதம் ஆனது. மினி டிராக்டர்தான் முதல் யோசனை. உழவும் ஓட்ட வேண்டும் என்றால் இப்போதும் அதைத்தான் சொல்வேன், மேலே படிக்கவே வேண்டாம். எனக்கு உழவு வாடகைக்குக் கிடைக்கிறது. வேண்டியது சுமையும் ஆளும் போவதற்கு ஒரு வழி. பழைய ஜீப் பார்த்தேன். ஒரு டன்னுக்கு மேல் எடை, ஒல்லி டயர், மணலில் இறங்கினால் ஆள் தேட வேண்டும். ஐஷரும் போலாரிசும் சேர்ந்து 2015-ல் கொண்டுவந்த மல்டிக்ஸ் என்ற டீசல் வண்டியையும் பார்த்தேன். சாலையில் பதிவு செய்து ஓட்டலாம், தூக்கிய உடம்பு, நல்ல யோசனை. ஆனால் நான்கு சக்கர இழுவை கிடையாது, 2018-ல் உற்பத்தியும் நின்றுபோனது. கால் இரண்டு பக்கமும் போட்டு உட்காரும் ஏடிவி என் இடுப்புக்கு ஒத்துவராது, உர மூட்டையும் அதில் நிற்காது.

கடைசியில் நின்றது யூடிவி, சைட் பை சைட் என்று சொல்கிற வகை. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம். ஸ்டீரிங், சீட் பெல்ட், தலைக்கு மேல் இரும்புக் கூண்டு, பின்னால் சாய்க்கக்கூடிய தொட்டி எல்லாம் உண்டு. வேண்டும்போது முன்சக்கரமும் இழுக்கும். ஒன்றை மட்டும் முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். மோட்டார் வாகன விதிப்படி வகை ஒப்புதல் வாங்காத வண்டியைப் பதிவு செய்ய முடியாது, பதிவில்லாத வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டக் கூடாது. என் வண்டி சொந்த நிலத்துக்குள் மட்டும்தான் ஓடும். கொல்லையிலிருந்து தோப்புக்குப் போக வேண்டுமென்றால் பிக்கப்பில் ஏற்றித்தான் போகிறேன். நீளம் 110 அங்குலம், அகலம் 58. டாடா ஏஸில் அடங்காது. பொலேரோ பிக்கப்பில் பின்கதவைத் திறந்து, நாலு மூலையிலும் ராட்செட் பட்டை போட்டால் நிற்கும். இந்த வாடகையையும் கணக்கில் சேர்த்துத்தான் வாங்க வேண்டும். நான் மூன்று இடத்துக்கும் பருவம் பிரித்துக்கொண்டேன். மாசியிலிருந்து வைகாசி வரை கொல்லையில், ஐப்பசி பிறந்ததும் கழனியில், மரம் வெட்டும்போது மட்டும் தோப்பில்.

புதிதாக வாங்க என்னால் முடியாது. புதுச்சேரியில் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் ஒரு விடுதியில் சுற்றிக்காட்ட வைத்திருந்த வண்டி விலைக்கு வந்தது. மீட்டரில் 612 மணி நேரம். பெட்ரோல், ஃபியூவல் இன்ஜெக்‌ஷன், வெறும் எடை ஏறக்குறைய 500 கிலோ, பின்தொட்டியில் 225 கிலோ வரை ஏற்றலாம். 3,80,000 ரூபாய்க்கு முடிந்தது.

பழைய யூடிவி பார்க்கப் போகிறவர்கள் பெயிண்டைப் பார்க்காதீர்கள், அடியில் படுத்துப் பாருங்கள். கடற்கரையில் ஓடிய வண்டி என்றால் உப்பு முதலில் வெல்டிங் மூட்டுகளிலும் பிரேக் குழாயிலும்தான் தெரியும். ஜாக்கி வைத்து ஒவ்வொரு சக்கரத்தையும் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன். பின் இடதில் லேசான ஆட்டம், பேரிங் போயிருந்தது. அச்சு முனையில் இருக்கிற ரப்பர் உறைகளை விரலால் விரித்து வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்தேன். பிறகு பெல்ட் மூடியைக் கழற்றச் சொன்னேன். நெய்வேலியில் கன்வேயர் பெல்ட் பராமரிப்பில் இருந்தவன் நான், பெல்ட் என்றால் கண்ணைவிட மூக்கு முதலில் வேலை செய்யும். லேசாகக் கருகிய ரப்பர் வாடை. அதைக் காட்டித்தான் விலையில் இருபதாயிரம் குறைந்தது.

இந்த வண்டிகளில் கியர் மாற்றுகிற வேலையை இரண்டு கூம்புத் தட்டுக்களும் நடுவில் ஒரு ரப்பர் பெல்ட்டும் செய்கின்றன. ஸ்கூட்டியில் இருக்கிற அதே ஏற்பாடு, பெரிய அளவில். மெதுவாக, சுமையோடு போகும்போது லோ கியரில்தான் போக வேண்டும். ஹையில் போட்டுத் தவழ விட்டால் பெல்ட் வழுக்கிச் சூடாகும். விடுதிப் பையன்கள் மணலிலும் ஹையிலேயே ஓட்டியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். புது பெல்ட் 9,500. பூட்டும் முன் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காய வைத்து, முதல் ஐம்பது கிலோமீட்டர் சுமை இல்லாமல் ஓட்டினேன்.

இனி டயர். பணமும் நேரமும் அதிகம் போன இடம் இதுதான்.

வந்த டயர் மொட்டை. என் மச்சான் கழனியை மனதில் வைத்து, "களிக்கு மட் டயர்தான் மாமா, வேற எதுவும் நிக்காது" என்றார். களிக்கு அவர் சொன்னது சரி. ஒன்றேகால் அங்குல உயரக் கட்டைகள், சக்கரம் சுற்றச் சுற்றச் சேற்றைத் தானே உதறிவிடும். அதே டயரோடு தியாகவல்லி மணலில் இறங்கினோம். ஆக்சிலேட்டரைத் தொட்டதும் நான்கு சக்கரமும் நேராகக் கீழே தோண்டின. அடித்தகடு மணலில் உட்கார்ந்த பிறகு டயர் எப்படிப்பட்டதாக இருந்தால் என்ன. செம்மண் பாதையில் இன்னொரு தொல்லை, அந்தக் கட்டைகள் சரளையில் கடகடவென்று அதிர்ந்து இருபதுக்கு மேல் ஓட்டவே முடியவில்லை. கனமான டயர், பெல்ட்டுக்கும் சுமை கூடுதல்.

மாற்றிப் போட்டது ஆல் டெரெய்ன் வகை. முன்னால் 25x8-12, பின்னால் 25x10-12, பக்கச் சுவர் ஆறு பிளை, அதாவது ஆறு அடுக்கு வலு. கட்டை உயரம் முக்கால் அங்குலம். நான்கும் சேர்த்து 38,000. மட் டயரைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டேன். ஆறு பிளை கட்டாயம் வேண்டும் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. செம்மண்ணில் சீமைக்கருவேல் முள், கழனி ஓரத்தில் விழுந்து கிடக்கும் பனை மட்டையின் கருக்கு, தோப்பில் வெட்டிய சவுக்கின் அடிக்கட்டை. முள் நடுவில்தான் குத்தும், பஞ்சர் கிட்டில் ஒரு திரி போட்டால் தீர்ந்தது. கருக்கும் கட்டையும் பக்கச் சுவரைக் கிழிக்கும், அதற்குத் திரி நிற்காது.

ஆனால் டயரின் வகையைவிட அதற்குள் இருக்கும் காற்றுதான் மணலில் என்னைக் காப்பாற்றியது. பெட்ரோல் பங்கில் இருக்கும் அளவுகோல் கார், லாரிக்கானது. பத்து பிஎஸ்ஐக்குக் கீழே அது காட்டும் எண்ணை நம்ப முடியாது. 0 முதல் 20 வரை மட்டும் காட்டும் சின்ன கேஜ் 650 ரூபாய்க்கு வாங்கினேன். பேட்டரியில் ஓடும் காற்று பம்ப் 2,800. இப்போது என் அளவு இப்படி: செம்மண்ணில் முன் 10, பின் 12, ஐந்து மூட்டை ஏற்றினால் பின் 14. மணலில் முன் 6, பின் 8. களியில் முன் 8, பின் 10. மணலில் காற்றைக் குறைத்தால் டயர் தரையோடு தொடும் இடம் நீளும், அதனால் மணலைத் தோண்டாமல் அதன்மேல் ஏறிப் போகும். ஆறுக்குக் கீழே போகவில்லை. திருப்பத்தில் ரிம்மை விட்டு டயர் நழுவிவிடும், நடுத்தோப்பில் அதை மறுபடி உட்கார வைக்க பெரிய கம்ப்ரசர் வேண்டும். மணலை விட்டு வெளியே வந்ததும் காற்று பிடித்துவிட வேண்டும். குறைந்த காற்றோடு கெட்டித் தரையில் ஓடினால் பக்கச் சுவர் மடிந்து மடிந்து சூடேறிப் போகும். ஒரு டயருக்கு மூன்று நிமிடத்துக்குள் ஆகிவிடுகிறது, ஒரு பீடி நேரம் என்கிறார் என்னோடு வருபவர்.

மணலில் இன்னும் ஒன்று. ஸ்டீரிங்கைக் கூர்மையாகத் திருப்பினால் முன்சக்கரம் மண்ணைத் தள்ளி அணை கட்டும். அகலமாக வளைந்துதான் திரும்ப வேண்டும். நிறுத்தும்போது பிரேக் போடாமல் தானே நிற்க விட்டால், கிளம்பும்போது முன்னால் மேடு இருக்காது. தோப்புக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் திறந்த கரையில் நான் வண்டியை இறக்குவதே இல்லை. தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் கரை அது.

அடுத்தது தண்ணீர். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையேறியது. அடுத்தடுத்த நாட்களில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் இறங்க, கடலூரைச் சுற்றிலும் வெள்ளம். ஓடும் தண்ணீரில் நான் வண்டியை விடவில்லை. இந்த வண்டியின் கொழுத்த டயர்கள் நான்கும் மூழ்கினால், என் கணக்குப்படி 200 கிலோவுக்குக் குறையாமல் தண்ணீர் தூக்கும். 500 கிலோ வண்டியில் அந்த அளவு எடை தரையை விட்டால் போக்கு எங்கே இழுக்கிறதோ அங்கே போக வேண்டியதுதான். வெள்ளம் வடிந்து, கழனிப் பாதையில் முழங்காலளவு தேங்கி நின்ற தண்ணீரில்தான் இறங்கினேன்.

இறங்குவதற்கு முன்பே எஞ்சின் காற்று இழுக்கும் குழாயைச் சீட்டுக்குப் பின்னால் உயர்த்தி வைத்திருந்தோம். எஞ்சின் ஒரு இருமல்கூட இல்லாமல் ஓடியது. ஆனால் நடுவழியில் எஞ்சின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. பெல்ட் நனைந்துவிட்டது. பெல்ட் பெட்டிக்கும் குளிரக் காற்று போக ஒரு குழாய், வெளியே வர ஒரு குழாய் உண்டு. இரண்டும் தரையிலிருந்து ஒன்றரை அடியில்தான் இருந்தன. மூடியின் அடியில் ஒரு வடிகால் திருகு இருக்கிறது. அதைக் கழற்றித் தண்ணீரை விட்டுவிட்டு, நியூட்ரலில் போட்டு இரண்டு நிமிடம் ரேஸ் கொடுத்தால் பெல்ட் சுற்றிக் காய்ந்துவிடும். அப்படியே வீடு வந்து சேர்ந்தோம்.

பெரிய சேதம் ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. பண்ருட்டியில் எங்களுக்குப் பழக்கமான மெக்கானிக் தம்பி பின் கியர் பெட்டியின் அடித்திருகைத் திறந்தார். வந்தது பால் விட்ட டீ நிறத்தில் இருந்தது. "எங்கேயும் சீல் போகலண்ணே, மூக்கு வழியா குடிச்சிருக்கு" என்றார். மூக்கு என்று அவர் சொன்னது பிரீதர் குழாயை. ஓடி ஓடிச் சூடான கியர் பெட்டி குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கும். சுருங்கும்போது வெளியிலிருந்து இழுக்கும். குழாயின் வாய் தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீரைத்தான் இழுக்கும். முன்சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துத் தரும் கியர் பெட்டியான முன் டிஃபரன்ஷியலிலும் அதே கதை.

இதைச் சரிசெய்த வேலைதான் மொத்தத்தில் மலிவானது, பலனோ இதில்தான் அதிகம். ஆறு மில்லிமீட்டர் பெட்ரோல் ஹோஸ் எட்டு மீட்டர். முன் டிஃபரன்ஷியல், பின் கியர் பெட்டி, மெயின் கியர் பெட்டி மூன்றிலிருந்தும் தனித்தனி ஹோஸ் எடுத்து, கூண்டின் தூண் வழியாகக் கூரைக்கு அடியில் கொண்டுபோய், வாயைக் கீழ்நோக்கி வளைத்துக் கட்டினோம். ஒவ்வொரு முனையிலும் பைக்குக்குப் போடும் சின்ன பெட்ரோல் ஃபில்டர், கோடையில் செம்மண் தூசி உள்ளே போகாமலிருக்க. ஹோஸைச் சைலன்சர் பக்கம் உரசாமல் கொண்டு போக வேண்டும், கேபிள் டேகை இறுக்கி நசுக்கக் கூடாது. மொத்தம் 900 ரூபாய், அரை நாள். கெட்ட எண்ணெயை எடுத்துவிட்டு, புது எண்ணெய் ஊற்றிக் கொஞ்சம் ஓட்டி, அதையும் வடித்து, மறுபடி ஊற்றியதில் எண்ணெய்ச் செலவு மட்டும் 3,600.

பெல்ட் பெட்டிக் குழாய்களுக்கு முதலில் 75 மில்லிமீட்டர் பிவிசி பைப் போட்டோம். காற்று உள்ளே போகும் பக்கத்தில் அது இன்றுவரை நன்றாக இருக்கிறது. வெளியே வரும் பக்கத்தில் சூடான காற்று, கோடையில் கொல்லையில் ஓட்டியபோது வளைவுப் பகுதி இளகித் தொய்ந்துவிட்டது. அந்தப் பக்கம் மட்டும் லாரி ரேடியேட்டர் ஹோஸ் வாங்கிப் பழைய கிளிப்பால் இறுக்கினேன். இன்னொரு விஷயம், ஒரே 90 டிகிரி எல்போ போடுவதைவிட இரண்டு 45 டிகிரி வளைவு போட்டால் காற்று தடையில்லாமல் போகிறது. பெல்ட் மூடியின் மேல் கையை வைத்துப் பார்த்தே வித்தியாசம் தெரிந்தது. இத்தனைக்குப் பிறகும் என் எல்லை சக்கரத்தின் பாதி உயரம்தான், பன்னிரண்டு அங்குலம். மூங்கில் குச்சியில் கோடு போட்டு வண்டியிலேயே வைத்திருக்கிறேன், இறங்கும் முன் ஒருவர் நடந்து அளந்துவிட்டு வருவார்.

வின்ச் பற்றி நிறைய எழுதலாம், ஆனால் என் வண்டியில் அது அதிகம் வேலை செய்வதில்லை. வண்டி 500, சுமை 225, இரண்டு பேர் 140, ஆக 865 கிலோ. அதன் ஒன்றரை மடங்கு 1,300. நான் வாங்கியது 3,500 பவுண்டு, ஏறக்குறைய 1,590 கிலோ. 22,000 ரூபாய், செயற்கை நூல் கயிறு. இரும்புக் கம்பிக் கயிறு அறுந்தால் திரும்பி அடிக்கும், கையில் சிராயும் குத்தும். விற்பவர்கள் சொல்லாத ஒன்று: அந்த 3,500 என்பது உருளையில் அடி அடுக்குக் கயிறு மட்டும் மிச்சமிருக்கும்போது கிடைக்கும் இழுவை. கயிறு மேலே மேலே சுற்றச் சுற்ற இழுவை குறையும். அதனால் பக்கத்து மரத்தை விட்டுத் தூரத்து மரத்தில் கட்டுவது நல்லது. முழுச் சுமையில் மோட்டார் இருநூறு ஆம்பியர் பக்கம் இழுக்கும், வண்டியின் சார்ஜிங் அதில் கால்வாசிகூடத் தராது, மிச்சம் எல்லாம் பேட்டரியிலிருந்துதான் போகும். கப்பி ஒன்று போட்டுக் கயிற்றை இரட்டித்து வண்டியிலேயே மாட்டினால் வேகம் பாதி, மோட்டாருக்குச் சுமையும் பாதி. கப்பி 1,400, அகல நைலான் பட்டை 700, டி ஷேக்கிள் என்கிற இணைப்பு வளையம் இரண்டு 500. இந்த மூன்றும் இல்லாமல் வின்ச் மட்டும் வாங்கி வைப்பதில் பிரயோசனம் இல்லை. பேட்டரிக்கும் வின்ச்சுக்கும் நடுவில் லாரிக் கடையில் கிடைக்கும் கட் ஆஃப் சுவிட்ச் ஒன்றும் போட்டிருக்கிறேன்.

களியில் பனை மரம் நல்ல பிடி, ஆடவே ஆடாது. முந்திரி மரத்தில் தாழ்ந்த கிளையை நம்பாமல் அடிமரத்தில் மட்டும் பட்டை போடுங்கள். இளஞ்சவுக்கு ஒன்றை நம்ப முடியாது, மணலில் வேரோடு சாயும், இரண்டு மூன்றைச் சேர்த்துக் கட்ட வேண்டும்.

கோடையில் வேறு எதிரி, தூசி. கொல்லைச் செம்மண் மாவாக நுணுங்கி எங்கும் போகும். கம்பெனிக் காகித ஃபில்டருக்கு மேல் எண்ணெய் தடவிய பஞ்சு உறை ஒன்று மாட்டினேன். காய் பொறுக்கும் பருவத்தில் அதை வாரம் ஒருமுறை மண்ணெண்ணெயில் கழுவி, சோப்பு போட்டு, நிழலில் காய வைத்து, மறுபடி எண்ணெய் தடவுவேன். உறை போட்ட பிறகு காகித ஃபில்டர் ஒரு பருவம் முழுக்கத் தாங்குகிறது. முன் கண்ணாடி விஷயத்தில் நினைத்ததற்கு நேர்மாறாக நடந்தது. முழு உயரப் பாலிகார்பனேட் தகடு போட்டதும் தூசி கூடிவிட்டது. முன்னால் காற்றை மறைத்தால் பின்னாலிருந்து சுழன்று உள்ளே இழுக்கும். பாதி உயரத்துக்கு வெட்டிவிட்டோம், நெஞ்சுக்கு மறைப்பும் இருக்கிறது, காற்றும் ஊடே போகிறது.

கூரை வேலைக்குக் கடலூர் முதுநகரில் பைபர் படகு பழுது பார்க்கும் தம்பியைப் பிடித்தேன். கூண்டின் மேல் அட்டை வைத்து அளவெடுத்து, பைபர் பாய் மூன்று அடுக்கு போட்டு வார்த்துக் கொடுத்தார், 6,500. எடை ஒன்பது கிலோதான். தகரம் போட்டிருந்தால் முந்திரிக் கிளை உரசும் சத்தத்திலேயே காது போயிருக்கும். உயரம் கூடவே கூடாது என்று கூண்டோடு ஒட்டவே உட்கார வைத்தோம். கொல்லையில் கிளைகள் தோள் உயரத்திலிருந்தே படர்ந்திருக்கும், கூரையில் லைட்டு வரிசை வைத்துக்கொண்டு அங்கே போக முடியாது. விளக்கை பம்பரிலேயே வைத்தோம். உப்புக்கு என்ன போல்ட் போடலாம் என்று சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். படகுக்குப் போடுகிற எஸ்எஸ் போல்ட், கழற்றும்போது கடிக்காமலிருக்கத் திரெட்டில் கொஞ்சம் கிரீஸ்.

அடித்தகடு பத்து மில்லிமீட்டர் எச்டிபிஇ பிளாஸ்டிக் ஷீட், 4,200. அலுமினியம் யோசித்தோம், ஆனால் சவுக்குக் கட்டை குத்தினால் அது உள்வாங்கி அப்படியே நிற்கும். பிளாஸ்டிக் வழுக்கிக்கொண்டு போய்விடும், களியும் அதில் ஒட்டாது. போல்ட் தலை கீழே துருத்தாமல் பள்ளம் கடைந்து பதிக்க வேண்டும். எண்ணெய் வடிக்கும் திருகுகளுக்கு நேராக ஓட்டை விடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் தகட்டையே கழற்ற வேண்டும்.

தோப்பிலிருந்து வந்த அன்றே நல்ல தண்ணீரில் அடிப்பக்கம் கழுவி, எல்லா நிப்பிளுக்கும் கிரீஸ் கன் போடுகிறேன். பின் இடது பேரிங் மாற்றியது போக வேறு எதுவும் உப்பில் போகவில்லை. பெட்ரோல் பாகூர் பக்கம் புதுச்சேரி விலையில் லிட்டருக்குச் சில ரூபாய் குறைவுதான், ஆனால் வண்டியைப் பிக்கப்பில் அந்த வழியாகக் கொண்டு வரும்போது மட்டும் டேங்கை நிரப்புகிறேன். இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. மழைக்காலத்தில் பாதி டேங்கோடு நிறுத்தி வைத்தால் எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ஒரு அளவுக்கு மேல் போனால் பிரிந்து அடியில் தங்கிவிடும். நிறுத்தி வைக்கும் மாதங்களில் டேங்க் நிறைந்தே இருக்க வேண்டும். பழைய பெட்ரோல் ஹோஸையும் மாற்றிவிட்டேன்.

செலவைக் கூட்டிப் பார்த்தேன். வண்டி போக, பூட்டியதும் மாற்றியதும் கூலியோடு ஒரு லட்சத்து ஐந்தாயிரத்துக்குக் கொஞ்சம் மேல். இதில் மட் டயரில் விட்ட நஷ்டமும் அடக்கம். இன்று முதலிலிருந்து தொடங்கினால் வரிசையை மாற்றுவேன். முதல் வாரத்தில் பிரீதர் ஹோஸ், பெல்ட் பெட்டிக் குழாய், சின்ன கேஜ், காற்று பம்ப். எல்லாம் சேர்ந்தும் பத்தாயிரத்தைத் தொடாது. அடுத்து ஆல் டெரெய்ன் டயர், அடித்தகடு. வின்ச்சை ஒரு பருவம் ஓட்டிப் பார்த்த பிறகு முடிவு செய்திருக்கலாம். நான் அதைத்தான் முதலில் வாங்கினேன், பார்க்கிறவர்களும் அதைத்தான் கேட்கிறார்கள்.

பின்தொட்டியில் ஆள் ஏறக் கூடாது என்பதை மட்டும் யாருக்காகவும் தளர்த்துவதில்லை. காய் பொறுக்க வரும் அக்காமார் சாயங்காலம், "ரோடு வரைக்கும் கொண்டாந்து விடேன் தம்பி" என்று கேட்பார்கள். கூண்டும் பெல்ட்டும் முன்சீட்டுக்குத்தான். ஓடைச் சரிவில் பின்னால் நிற்கும் மூன்று பேர் ஒரு பக்கம் சாய்ந்தால் வண்டி புரண்டுவிடும். கூடையையும் தூக்குப் பாத்திரத்தையும் ஏற்றிக்கொண்டு, அவர்களைப் பெரியவர்களிலிருந்து தொடங்கி ஒவ்வொருவராக முன்சீட்டில் கொண்டு போய் விடுகிறேன். நேரம் ஆகிறது, திட்டும் விழுகிறது.

மிச்சமிருக்கும் வேலை பின் ஸ்பிரிங். முந்திரி பூக்கும்போது மருந்தடிக்க 200 லிட்டர் டிரம்மைத் தொட்டியில் ஏற்றினோம். எடை அளவுக்குள்தான், ஆனால் அரை டிரம் காலியானதும் தண்ணீர் உள்ளே அலைந்து, ஓடை இறக்கத்தில் பின்பக்கத்தையே இடமும் வலமும் ஆட்டியது. இப்போது 50 லிட்டர் கேன் நான்கு வைத்து, ஒவ்வொன்றாகக் காலி செய்கிறோம். ஆட்டம் பாதியாகிவிட்டது. ஆனாலும் முழுச் சுமையில் பின்பக்கம் இரண்டரை அங்குலம் தணிகிறது, அடித்தகடு கட்டையில் தட்டுவது அதனால்தான். பழைய ஸ்பிரிங்கின் கம்பித் தடிமனும் சுற்றும் அளந்து பட்டறையில் கொடுத்திருக்கிறேன், அரை மில்லிமீட்டர் தடித்த கம்பியில் ஒரு ஜோடி சுற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஜோடி 5,000 கேட்கிறார்கள், 4,200-க்கு வரும்.